பக்கத்து நாற்காலியில் யார்?

கேள்வி:

வணக்கம் அக்கா. நாங்கள் பன்னிரண்டு வருடங்களாக வட கரோலினாவில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். மகள் சென்னையில் பிறந்து நாலரை வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினோராம் வகுப்பு. பள்ளி பாஸ்கட்பால் அணியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கல்லூரி ஒன்று அவளுக்கு ஸ்காலர்ஷிப்போடு இடம் தருவதாகச் சொல்கிறது. பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் குழு) கிடையாது, ஆனாலும் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

தயக்கம் ஒன்றுதான். அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்திருப்பவர் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் கொடிகட்டிப் பறந்தவர். என் மகளின் அறைச் சுவரில் அவர் படம்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு முன் அவர் எந்த அணிக்கும் பயிற்சி கொடுத்ததில்லை. கணவரும் மகளும் 'இதில் யோசிக்க என்ன இருக்கு' என்கிறார்கள். நான் திருச்சியில் படித்தபோது கல்லூரி அணியில் ஆடியவள். எங்களுக்கு வந்த கோச்சும் அந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்தான். இரண்டு வருடத்தில் அவரிடம் கற்றுக்கொண்டது என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. இதைச் சொன்னால், நல்லது நடக்கும் நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறேன் என்கிறார்கள். அடுத்த மாதம் கல்லூரியைப் பார்க்க அழைத்திருக்கிறார்கள். போய் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

இன்னொன்று. முதல் சந்திப்பிலேயே அவரிடம் ஆட்டோகிராப் வாங்க வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். தப்பாக நினைப்பார்களா?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

வணக்கம் சகோதரி. அபசகுனம் எல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டில் மூன்று பேரில் ஒருவராவது கால் தரையில் நிற்க யோசிப்பது நல்லதுதான்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறையில், பதினாறு வருடமாக வீராங்கனைகளின் படிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆலோசகர். எந்தப் பாடம் எடுப்பது, ஆட்டத்துக்காகத் தவறவிட்ட தேர்வை எப்போது எழுதுவது, இதுதான் என் வேலை என்று பெயர். உண்மையில் பயிற்சிக்கூடத்தில் நடப்பதெல்லாம் கடைசியில் என் அறைக்கு வந்துதான் அழும். நான்கு தலைமைப் பயிற்சியாளர்களை இப்படிப் பக்கவாட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் உங்கள் மகளின் சுவரில் இருப்பவரைப் போன்ற நட்சத்திரம்.

நன்றாகச் சமைக்கும் பெரியம்மாவிடம் குழம்புக்கு எவ்வளவு புளி என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் ஒரு கண்ணளவுதாண்டி' என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. நாற்பது வருடத்தில் அளவு கைக்குள் போய்விட்டது. பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான், அதிலும் பாயிண்ட் கார்டாக ஆடியவர்களுக்கு. எங்கள் நட்சத்திர கோச், பயிற்சியை நிறுத்திவிட்டு, 'இடது மூலையில் ஆள் காலியாக இருந்தாளே, ஏன் பார்க்கவில்லை?' என்று கேட்பாராம். முதலாமாண்டுப் பெண் ஒருத்தி என் அறையில் உட்கார்ந்து, 'அவர் பார்க்கிற நேரத்தில் அங்கே யாரும் இல்லை, ஒரு வினாடி கழித்துத்தான் வருவார்கள். அது அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?' என்று கேட்டாள். திட்டு வாங்கிய அழுகை இல்லை அது. தனக்குக் கண் தெரியவில்லையோ என்கிற பயம்.

அந்தப் பெண் தேறினாள். எப்படி என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு என் பதிலே அதில்தான் இருக்கிறது.

உங்கள் கணவரிடம் காட்ட உங்களுக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் மினசோட்டாவின் லிண்ட்சே வேலனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தில் பிறந்து, அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடி, 2004-இல் அணியை ஃபைனல் ஃபோர், அதாவது தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகள் வரை கொண்டுபோனவர். அப்புறம் மினசோட்டா லிங்க்ஸ் அணியோடு 2011, 2013, 2015, 2017 என நான்கு டபிள்யூஎன்பிஏ பட்டங்கள், 2012-இலும் 2016-இலும் ஒலிம்பிக் தங்கம். 2018 ஏப்ரலில், இன்னும் லிங்க்ஸுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே, படித்த கல்லூரியே தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. உங்கள் மகளின் கோச்சைப் போலவே முன் அனுபவம் கிடையாது. முதல் பருவம் 21 வெற்றி, 11 தோல்வி. எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பிறகு இறங்குமுகம். ஐந்து பருவத்தின் மொத்தக் கணக்கு 71 வெற்றி, 76 தோல்வி. தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டித் தொடருக்கு ஒருமுறையும் தகுதி பெறவில்லை. 2023 மார்ச்சில் விலகினார்.

இதை வெறும் தோல்விக் கதையாகச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். கடைசிப் பருவத்தில் அந்த மாநிலத்தின் சிறந்த பள்ளி வீராங்கனைகள் நான்கு பேர் வெளியூர் போகாமல் அவரை நம்பி வந்து சேர்ந்தார்கள். பெயருக்கு இருக்கும் பலம் அது. அவருக்குப் பின் வந்த டான் பிளிட்ஸுவைட், கீழ்நிலைப் பிரிவுகளில் தொடங்கிப் படிப்படியாக ஏறி வந்த தொழில் பயிற்சியாளர். 2006-இல் கிராண்ட் வேலி ஸ்டேட் என்ற அணிக்கு டிவிஷன் 2 பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் கையில் மினசோட்டா 2025-இல் டபிள்யூபிஐடி என்ற தேசிய அழைப்புத் தொடரை வென்றது. அந்த அணியில் வேலன் அழைத்து வந்த பெண்கள் இருந்தார்கள். வேலனோ அதே 2025-இல் லிங்க்ஸுக்குத் திரும்பி, தன்னை ஆட வைத்த செரில் ரீவிடம் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பாஸ்கட்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் பெயர் ஏறியவர், தலைமை இடத்தில் இருந்துவிட்டு வந்து, பெஞ்சில் இரண்டாவது மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அப்போதுதான்.

இதைக் கேட்டதும் 'பார்த்தாயா, அனுபவம் இல்லாதவரிடம் போகக் கூடாது' என்று நீங்கள் சொல்வீர்கள். உடனே உங்கள் கணவர் டான் ஸ்டேலி பெயரை எடுப்பார். எடுக்கட்டும், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஸ்டேலி வடக்கு ஃபிலடெல்பியாவின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். வர்ஜீனியா பல்கலைக்கழக அணியில் பாயிண்ட் கார்டு. 1991 தேசியத் தொடரின் இறுதி ஆட்டத்தில் டென்னஸியிடம் கூடுதல் நேரத்தில் தோற்றும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். பயிற்சியாளர் ஆகும் ஆசையே தனக்கு இருந்ததில்லை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2000-இல் சொந்த ஊரின் டெம்பிள் பல்கலைக்கழகம் விடாமல் கேட்டு அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. குளிர்காலத்தில் கல்லூரி அணி, கோடையில் டபிள்யூஎன்பிஏவில் ஆட்டம் என்று ஆறேழு வருடம் இரண்டு வேலையும் பார்த்தார். 2008-இல் தென் கரோலினாவுக்குப் போனார். முதல் பருவம் 10 வெற்றி, 18 தோல்வி. இன்று அந்த அணியிடம் 2017, 2022, 2024 பட்டங்கள் இருக்கின்றன. 2024-இல் 38 ஆட்டம் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. 2025 ஜனவரியில் போட்ட ஒப்பந்தப்படி வருடத்துக்கு 40 லட்சம் டாலர் சம்பளம். பெண்கள் கல்லூரி பாஸ்கட்பாலில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. ஸ்டேலி டெம்பிளுக்குப் போன அதே 2000-இல்தான் கிம் மல்கி பேய்லர் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவரும் நட்சத்திரம்தான், 1984 ஒலிம்பிக் தங்கம். ஆனால் தான் ஆடிய லூசியானா டெக்கிலேயே பதினைந்து வருடம் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தார். பேய்லரில் மூன்று பட்டம், 2023-இல் எல்எஸ்யு பல்கலைக்கழகத்தில் நான்காவது. ஒருவருக்குப் பதினைந்து வருடப் பயிற்சி, இன்னொருவருக்கு ஒரு நாள்கூட இல்லை. இருவரும் ஜெயித்தார்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் நியேல் ஐவி மல்கி வழியில் வந்தவர். 2001-இல் அங்கே பட்டம் வென்ற அணியின் பாயிண்ட் கார்டு, பிறகு அங்கேயே பன்னிரண்டு பருவம் துணைப் பயிற்சியாளர், ஒரு வருடம் ஆண்கள் லீக்கான என்பிஏவின் மெம்ஃபிஸ் அணியில், 2020-இல் தலைமை. எனக்குப் பிடித்த பாதை அது. ஆனால் அதையும் விதியாக்க முடியாது. டபிள்யூஎன்பிஏவின் முதல் டிராஃப்டில் (அணிகள் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக எடுக்கப்பட்ட டினா தாம்ப்சன், டெக்சஸில் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டுத்தான் வர்ஜீனியாவுக்குப் போனார். நான்கு பருவத்தில் 30 வெற்றி, 63 தோல்வி. 2022-இல் அனுப்பிவிட்டார்கள். ஸ்டேலியை உருவாக்கிய அதே வர்ஜீனியாதான்.

ஆக, 'நட்சத்திரம், போகலாம்' என்பதும் சரியில்லை, 'அனுபவமில்லை, வேண்டாம்' என்பதும் சரியில்லை. அப்படியானால் எதைப் பார்ப்பது?

பக்கத்து நாற்காலியைப் பாருங்கள்.

ஸ்டேலியின் ஆட்டம் எதையாவது டிவியில் போட்டுப் பாருங்கள். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருப்பார். லிசா போயர். தொண்ணூறுகளில் ஏபிஎல் என்று ஒரு பெண்கள் தொழில்முறை லீக் இரண்டு மூன்று வருடம் நடந்து மூடிப்போனது. அதில் ஸ்டேலி ஆடிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் இந்த போயர்தான். பிறகு என்பிஏவில் கிளீவ்லாந்து அணியின் பயிற்சிக் குழுவில் ஒரு பருவம் இருந்தார். அங்கெல்லாம் பெண்களைக் கிட்டே சேர்க்காத காலம் அது. 2002-இல் டெம்பிளுக்கு வந்து, தான் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கே துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்தார். தென் கரோலினாவுக்கும் கூடவே போனார். மூன்று பட்டத்தின்போதும் அந்த நாற்காலியில் அவர்தான் இருந்தார்.

எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். அனுபவம் இல்லாத ஸ்டேலி, தன்னைவிட வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூச்சப்படவில்லை. அந்த இன்னொருவரும் இருபது வருடத்துக்கு மேல் விட்டுப் போகவில்லை. பெரிய பெயர் உள்ளவர்களுக்கு முதலாவது கஷ்டம். அவர்களோடு வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது கஷ்டம். ஸ்டேலியின் வெற்றிக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வெளியில் இருந்து பார்க்கிற ஒரு பெற்றோருக்குக் கண்ணில் படக்கூடிய அடையாளம் இதுதான்.

இப்போது என் அறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வருகிறேன். எங்கள் கோச்சிடமும் ஒரு துணைப் பயிற்சியாளர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், யாருக்கும் பெயர் தெரியாது, தொழில்முறையில் ஒரு நாளும் ஆடியதில்லை. அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கோச் நிறுத்திய ஒவ்வொரு இடத்தையும் வீடியோவில் வெட்டி எடுத்துப் போட்டுக் காட்டினார். 'பந்தைப் பார்க்காதே. உன்னைத் தடுப்பவளுக்குப் பின்னால் நிற்பவளின் இடுப்பைப் பார். அது திரும்பினால் மூலை காலியாகப் போகிறது.' அவ்வளவுதான். கோச்சுக்குக் கண்ணளவாகத் தெரிந்ததற்கு, இவர் ஆழாக்குக் கணக்கு கொடுத்தார். சில வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூலை தெரிய ஆரம்பித்தது. கோச்சும் கெட்டிக்காரர், இதைக் கவனித்துவிட்டு அடுத்த வருடத்திலிருந்து 'இடுப்பைப் பார்' என்றே கத்தத் தொடங்கினார்.

எனவே அடுத்த மாதம் போகும்போது உங்கள் பாதி நேரத்தைத் துணைப் பயிற்சியாளர்களுக்குக் கொடுங்கள். பாயிண்ட் கார்டுகளைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டு அவரோடு தனியாக உட்காருங்கள். எத்தனை வருடம், எங்கெங்கே பயிற்சி கொடுத்தார், இந்தக் கோச் இவரைத் தேடிப்போய் அழைத்தாரா அல்லது முன்பிருந்தே அங்கே இருப்பவரா என்று கேளுங்கள். எல்லோரும் கோச்சின் பழைய அணித் தோழிகளாகவே இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரியம்மாக்கள் நான்கு பேர் சேர்ந்து கண்ணளவு சொல்வார்கள்.

கோச்சிடம் கேட்பதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மகளின் ஆட்ட வீடியோ ஒன்றை, நன்றாக ஆடியதை விட்டுவிட்டு, சொதப்பியதை எடுத்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். 'இன்னும் வேகம் வேண்டும், இன்னும் தைரியம் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் அவர் இன்னும் ஆட்டக்காரராகத்தான் இருக்கிறார். 'இந்த இடத்தில் உன் எடை பின்காலில் இருக்கிறது, அதனால்தான் பாஸ் தாமதமாகிறது' என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் சொல்லித்தரும் ஆள். 'எனக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, இன்னொரு முறை பார்க்கிறேன்' என்றாலும் எனக்குச் சம்மதம். நீங்கள் ஆடியவர் இல்லையா, இரண்டு பதிலுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சட்டென்று தெரியும். கணவருக்குத் தெரியாது. அவர் அந்த நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்புறம் வீராங்கனைகள். உங்களை அழைத்துப் போய்க் காட்டுவதற்கென்றே ஒரு பெண்ணை அனுப்புவார்கள். நல்ல பெண், நன்றாகப் பேசுவாள், நிறைய ஆடுகிறவளாகவும் இருப்பாள். அவளிடம் பேசுங்கள். ஆனால் ஆட்டமே கிடைக்காமல் பெஞ்சிலேயே இருக்கும் பெண்ணிடமும் உங்கள் மகள் பேச வேண்டும். பெரியவர்கள் இல்லாமல், சாப்பிடும் இடத்தில். கோச் அவளிடம் கடைசியாக எப்போது பேசினார், என்ன பேசினார் என்று கேட்டாலே போதும். இந்தக் கோச் வந்த பிறகு எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பட்டியல் கல்லூரி இணையதளத்திலேயே இருக்கும், போன வருடத்துப் பெயர்களையும் இந்த வருடத்துப் பெயர்களையும் பக்கத்தில் வைத்தால் போதும். புது கோச் வந்தால் சிலர் போவது சகஜம். அவரே அழைத்து வந்தவர்களும் கிளம்பினால்தான் விஷயம். லயோலா சிகாகோவில் ஷெரில் ஸ்வூப்ஸ் 2013 முதல் 2016 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ஆட்டத்தில் அவரைவிடப் பெரிய பெயர் சொல்வது கஷ்டம். 2016-இல் வீராங்கனைகள் கூட்டமாக விலகப் பார்த்தார்கள், பல்கலைக்கழகம் விசாரணை தொடங்கியது, ஜூலையில் அவர் பதவி போனது. உள்ளே நடந்ததைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஆனால் வெளியேறுபவர்களின் பட்டியல், வெற்றி தோல்விக் கணக்கைவிடச் சீக்கிரம் பேசத் தொடங்கிவிடும்.

உங்கள் கணவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்கள் கட்சி என்று ஆகிவிடும். நட்சத்திர கோச்சால் சில நன்மைகள் நிஜமாகவே கிடைக்கும். சின்னக் கல்லூரி அரங்கத்துக்குக் கூட்டம் வரும். டிவிக்காரர்கள் வருவார்கள். தொழில்முறை அணிகளில் ஒரு போன் போட்டால் எடுக்க ஆள் இருப்பார்கள். உங்கள் மகள் டபிள்யூஎன்பிஏவுக்குப் போக வேண்டும் என்று அவசியமில்லை, வெளிநாட்டு லீக், அணி நிர்வாகம், ஒளிபரப்பு எதற்கும் அந்த போன் உதவும். இன்னொன்றும் உண்டு. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தான் கும்பிடும் ஒருவர் காலை ஆறு மணிக்குத் தனக்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்த்தால் எழுந்து ஓடுவாள். அதைக் குறைவாக எண்ணாதீர்கள்.

ஆனால் சுவரில் இருப்பவர் சுவரிலேயே இருக்க மாட்டார். மோசமாக ஆடினால் அனுப்பிவிடுவார்கள், நன்றாக ஆடினால் பெரிய கல்லூரி தூக்கிக்கொண்டு போகும். அரிசோனாவில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகி, 2021-இல் அந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோன அடியா பார்ன்ஸ் 2025-இல் எஸ்எம்யு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரவர் வாழ்க்கை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தக் கோச் நீ சேர்ந்த மறுநாளே போய்விட்டால், இந்த ஊரில், இந்தப் படிப்பில், நாலு வருடம் இருப்பாயா? அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பதினாறு வருடப் பழக்கம், எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சி என்பதுதான் விதியின் உச்ச வரம்பு. பஸ்ஸில் போகிற நேரமும் காலுக்கு ஐஸ் வைக்கிற நேரமும் அந்தக் கணக்கில் வராது. மாலையில் ஆய்வகம் உள்ள படிப்பு என்றால், என்னைப் போன்ற ஆலோசகர் அங்கேயும் இருப்பார், அதை எடுத்துக்கொண்டு ஆடும் பெண் அந்த அணியில் யாராவது இருக்கிறாளா என்று அவரைப் பார்த்துக் கேளுங்கள்.

காகித விஷயம் சுருக்கமாக. வாய்வார்த்தையாகத் தரும் இடம் யாரையும் கட்டுப்படுத்தாது, அவர்களையும் சரி, உங்களையும் சரி. முன்பு இருந்த தேசியக் கையெழுத்துக் கடித முறையை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் எல்லாம். அதில் தொகை முழுதா பகுதியா, ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, காலில் அடிபட்டு ஆட முடியாமல் போனால் என்ன என்று மூன்றையும் எழுத்தில் பாருங்கள். டிவிஷன் 1 பெண்கள் பாஸ்கட்பாலில் ஸ்காலர்ஷிப் என்றால் முழுத் தொகை என்பதுதான் நெடுநாள் வழக்கம். 2025-இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு பங்கு போட்டும் கொடுக்கிறார்கள். ஸ்காலர்ஷிப் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு மயங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லூரிக்காரர்கள் பலருக்கே இது தோன்றாது. உங்கள் மகள், எச்-1பிகாரரின் பிள்ளைக்குத் தரும் எச்-4 விசாவில் இருக்கிறாள். 21 வயதானால் அது முடிந்துவிடும், பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வருடத்தின் நடுவில். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். ஸ்காலர்ஷிப் வாங்குவதில் சிக்கல் இல்லை. ஆனால் 2021 ஜூலையிலிருந்து வீராங்கனைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனதே, என்ஐஎல் என்பார்கள், அதையும் 2025-இலிருந்து கல்லூரியே வீராங்கனைகளுக்குப் பணம் பகிர்ந்து தருவதையும் விசாக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொடக் கூடாது. இங்கே செய்யும் வேலைக்கான வருமானம் என்று கருதினால் விசாவுக்கே ஆபத்து. நட்சத்திர கோச் இருக்கும் அணிக்கு உள்ளூர்க் கார் விற்பனைக்காரர், துணிக்கடைக்காரர் எல்லாம் தேடி வருவார்கள். தோழிகள் கையெழுத்துப் போடும்போது உங்கள் மகளும் ஆசையாகப் போட்டுவிடக் கூடாது. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் சேருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

நீங்களாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், போய்ப் பார்ப்பேன். உங்கள் திருச்சிக் கோச்சை இவர் தலையில் ஏற்ற மாட்டேன். அந்தக் காலத்தில் உங்கள் கோச்சுக்குப் பக்கத்தில் நாற்காலியே இருந்திருக்காது, பாவம், பந்துக்குக் காற்றடிப்பதும் அவராகவே இருந்திருக்கும். இங்கே குறைந்தது மூன்று நான்கு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது அளவு சொல்லித் தருபவராக இருந்து, படிப்பும் மகளுக்குப் பிடித்திருந்தால், முதல் இரண்டு வருடம் தோற்பதற்கு மனதைத் தயார்செய்துகொண்டு அனுப்பிவைப்பேன். பக்கத்து நாற்காலி காலியாகத் தெரிந்தால் வேறு கல்லூரிகளுக்கு வீடியோ அனுப்பத் தொடங்குவேன். பதினோராம் வகுப்பில் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

ஆட்டோகிராப் தாராளமாக வாங்கட்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் போனவுடன் வேண்டாம். கேள்வியெல்லாம் கேட்டு முடித்து, கிளம்பும்போது காருக்குப் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். முதலிலேயே வாங்கிவிட்டால் அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து ஒரு கேள்வியும் வராது.